லாகோஸில் காத்திருப்பது எப்படி



2006-இல் நைஜீரியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. லாகோஸ் மாநிலத்தில் 90 லட்சம் பேர் என்றது மத்திய அரசு. மாநில அரசு அதை ஏற்கவில்லை. அவர்களும் தனியாக எண்ணியிருந்தார்கள். அவர்கள் கணக்கில் 1 கோடியே 75 லட்சம் வந்தது. நடுவில் காணாமல்போனவர்கள் மட்டும் 85 லட்சம் பேர். எண்ணுகிறவரின் கைப்பிழை இவ்வளவு தூரம் போகாது. அந்த நாட்டில் எண்ணெய் விற்ற பணம் மாநிலங்களுக்குப் பங்காவதில் தலைக்கணக்குக்கு ஓர் இடம் உண்டு. நாடாளுமன்ற இடங்களும் அதை வைத்துத்தான். ஆகவே எண்ணப்பட்ட தலையால் ஒருவருக்கு லாபம், எண்ணப்படாத தலையால் வேறொருவருக்கு லாபம். 2023-இல் மறுபடி எண்ண ஏற்பாடாகி, அதுவும் தள்ளிப்போனது.

பரப்பில் பார்த்தால் நைஜீரியாவின் மாநிலங்களிலேயே மிகச் சிறியது லாகோஸ். 3,577 சதுர கிலோமீட்டர். அதிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். தெற்கே அட்லான்டிக் கடல், உள்ளே பெரிய காயல், காயலுக்குள் தீவுகள். இதற்குள்தான் அந்த 90 லட்சமோ, இரண்டு மடங்கோ. இந்த ஊருக்குப் பயணியாகப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகம், கடற்கரை, சந்தை எல்லாம் சொல்கிறேன். ஆனால் லாகோஸில் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி சாலையில் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள்தான் கழியப்போகிறது. அதைப் பயணத்தின் இடைஞ்சலாக எண்ணினால் எரிச்சல் மட்டுமே மிஞ்சும். அதுதான் அந்த ஊரின் முதன்மைக் காட்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்: இந்தக் காத்திருப்புக்கு யார் விலை கொடுக்கிறார், யார் வாங்கிக்கொள்கிறார்?

புறப்படும் முன் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் இருப்பவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் நம் நாட்டு அதிகாரிகளே உங்களை ஆறு நாள் வரை தனியறையில் வைத்துவிடுவார்கள். மலேரியாவுக்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பயங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். ஆனால் நெரிசலில் நிற்கும் வண்டியின் ஜன்னலோரம் கைப்பேசியை நீட்டிப் படம் பிடிக்கிற பழக்கத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுங்கள்.

விமானம் இறங்குவது இகேஜாவில். முர்தாலா முகமது விமான நிலையம். யார் இந்த முர்தாலா? 20 நைரா நோட்டில் இருக்கிற முகம் அவருடையது. லாகோஸின் நெரிசலைப் புரிந்துகொள்ள அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

1970-களில் நைஜீரியாவுக்கு எண்ணெய்ப் பணம் வெள்ளமாக வந்தது. கவோன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சி. சாலை, பாலம், படைமுகாம் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டிவிட நினைத்து, வெளிநாடுகளிலிருந்து 2 கோடி டன் சிமென்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். லாகோஸ் துறைமுகத்தால் ஓர் ஆண்டில் இறக்க முடிந்ததோ அதில் சிறு பகுதி. 1975-இல் சிமென்டு ஏற்றிய கப்பல்கள் நூற்றுக்கணக்கில் லாகோஸுக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நின்றன. நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் அரசு டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். இது தெரிந்ததும், உடைக்கப் போக வேண்டிய ஓட்டைக் கப்பல்களெல்லாம் சிமென்டை ஏற்றிக்கொண்டு லாகோஸை நோக்கி வந்தன. இறக்குவதைவிட நிற்பதில் லாபம் அதிகம். ஈரக்காற்றில் மூட்டைகள் கப்பலுக்குள்ளேயே கல்லாயின. உலகத்தின் மிகப் பெரிய போக்குவரத்து நெரிசலை லாகோஸ் கடலிலேயே நடத்திக்காட்டியது என்று சொன்னால் மிகையாகாது.

அந்த 1975 ஜூலையில் கவோனை இறக்கிவிட்டு வந்தவர்தான் முர்தாலா. அன்று லாகோஸ் தீவில் இருந்த தலைநகரை அங்கிருந்தே எடுத்துவிடுவது என்று அவருடைய அரசு முடிவு செய்தது. 1976 பிப்ரவரித் தொடக்கத்தில் அபுஜாவைப் புதிய தலைநகராக அறிவித்தார்கள். அதே பிப்ரவரி 13 காலையில் அவர் அலுவலகம் போகும் வழியில், இக்கோயியில், வாகன நெரிசலில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த அவருடைய கறுப்பு மெர்சிடிஸ் காரை ராணுவச் சதிகாரர்கள் சுட்டுத் துளைத்தார்கள். பெரிய பாதுகாப்புப் படை எதுவும் கூட வரவில்லை. அந்தக் கார் இன்றும் ஒனிகானில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. குண்டுத் துளைகளைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். லாகோஸில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவரை நான் அங்கேதான் அனுப்புவேன். இந்த நாட்டின் பழைய வெண்கலச் சிற்பங்களில் மிகச் சிறந்தவற்றை எடுத்துப்போய்விட்டார்கள்; அவற்றைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டும். அது வேறு கதை. இந்தக் காரை யாரும் எடுத்துப்போகவில்லை.

தலைநகர் முறையாக அபுஜாவுக்கு மாறியது 1991 டிசம்பர் 12-இல்தான். நெரிசல் குறைந்ததா? அமைச்சர்கள் போனார்கள், துறைமுகமும் வங்கிகளும் சந்தையும் அங்கேயே இருந்தன. வேலை தேடி வருகிறவர்கள் அமைச்சர்களைத் தேடியா வந்தார்கள்? நடுவில் இன்னொரு வைத்தியமும் செய்து பார்த்தார்கள். 70-களின் கடைசியில், ஒற்றைப்படை எண் கொண்ட வண்டிகள் ஒரு நாள், இரட்டைப்படை வண்டிகள் மறுநாள் என்று விதி போட்டார்கள். வசதி உள்ளவர்கள் மறு எண்ணில் இன்னொரு கார் வாங்கிக்கொண்டார்கள். முடிவில் கார்கள் கூடின.

இகேஜாவிலிருந்து தீவுக்குப் போக மூன்று பாலங்கள் இருக்கின்றன. 1990-இல் முடிந்த தேர்ட் மெயின்லாண்ட் பாலம்தான் நீளமானது; ஏறக்குறைய 12 கிலோமீட்டர் காயலின் மேலேயே போகிறது. காலையில் மெயின்லாண்ட் எனும் நிலப்பக்கத்திலிருந்து தீவுக்கு வேலைக்குப் போகும் கூட்டமும், மாலையில் அதே கூட்டம் திரும்புவதும் இந்த மூன்று கழுத்துகள் வழியாகத்தான். விடிகாலை நாலரைக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டு, அலுவலகத்து வாசலில் காருக்குள் மிச்சத் தூக்கத்தைத் தூங்குகிறவர்களை அங்கே சர்வசாதாரணமாகப் பார்க்கலாம்.

பாலத்தின் மேல் போகும்போது நீரில் மரக்கால்கள் ஊன்றிய வீடுகள் தெரியும். மீன் புகைபோடும் புகை மூட்டமாக நிற்கும். அது மகோகோ. பாடாக்ரி, பெனின் பக்கத்திலிருந்து வந்த எகுன் மீனவர்கள் தலைமுறைகளாக வாழும் இடம். 2012 ஜூலையில் அரசு அங்கே வீடுகளை வெட்டிச் சாய்த்தது. 2013-இல் குன்லே அடேயெமி என்ற கட்டிடக் கலைஞர் மிதக்கும் பள்ளி ஒன்றை அங்கே கட்டினார். உலகம் முழுவதும் பத்திரிகைகளில் படம் வந்தது. 2016 ஜூனில் ஒரு பெருமழையில் அது சரிந்தது. மகோகோவுக்குள் படகில் போகலாம். ஆனால் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஊர்த்தலைவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போய், மீன் புகைபோடும் பெண்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். வறுமையைப் பார்க்க வந்தவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

இப்போது டான்ஃபோ. கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் வேன். கதவு மூடுவது அரிது. கண்டக்டர் அதில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களை மூச்சு விடாமல் கத்துவார். ஏறுமுன் "சில்லறை இருக்கா?" என்பதுதான் கேள்வி. இல்லாமல் ஏறிவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். உங்களுக்கும் இன்னொரு பயணிக்கும் சேர்த்து ஒரே நோட்டைக் கொடுத்து, இருவருக்கும் "கல்யாணம்" செய்துவைத்துவிட்டு வண்டி போய்விடும். நீங்கள் இருவரும் இறங்கி, சில்லறை தேடி, பங்கிட்டுப் பிரிய வேண்டும். இறங்கும் இடம் வந்ததும் "ஓவா" என்று குரல் கொடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் ஆள் ஓடிவந்து கண்டக்டரிடம் பணம் வாங்குவதைப் பார்ப்பீர்கள். கொடுக்காவிட்டால் வண்டியின் கண்ணாடித் துடைப்பானோ பெட்ரோல் மூடியோ கையோடு போகும். அவர் பெயர் அக்பேரோ. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் பெயரால் வசூல் நடக்கும். ரசீதும் சில நேரம் உண்டு. அந்தப் பணம் கடைசியில் உங்கள் கட்டணத்தில்தான் ஏறுகிறது. 2017-இல் அன்றைய ஆளுநர் டான்ஃபோக்களை ஒழித்துவிடப் போவதாக அறிவித்தார். அவர் பதவியை விட்டுப் போய்விட்டார். டான்ஃபோ ஓடிக்கொண்டிருக்கிறது.

சந்துகளுக்குள் போக கேகே. அதில் ஏறும் தமிழருக்கு ஒரு சிறு திகைப்பு காத்திருக்கிறது: முன்கண்ணாடிக்குக் கீழே டிவிஎஸ் என்றோ பஜாஜ் என்றோ எழுதியிருக்கும். நம் நாட்டு ஆட்டோ அங்கே மஞ்சள் வண்ணத்தில் ஓடுகிறது. ஒகாடா என்ற வாடகை மோட்டார் சைக்கிளும் இருந்தது. நெரிசலில் அதுவே வேகம். 2020 பிப்ரவரியில் கேகேக்கும் ஒகாடாவுக்கும் நகரின் பல பகுதிகளில் தடை விதித்தார்கள். 2022-இல் ஒகாடாத் தடை இறுகி, பிடிபட்ட வண்டிகளை ஆயிரக்கணக்கில் நசுக்கினார்கள். விபத்து, குற்றம் என்று அரசு சொன்ன காரணங்கள் பொய்யில்லை. ஆனால் அதில் பிழைத்தவரின் வருமானமும் சேர்ந்துதான் நசுங்கியது.

வண்டி நின்றுவிட்டால் அதற்குப் பெயர் கோ-ஸ்லோ. ஃபெலா குட்டி என்ற பாடகர் 1972-இலேயே அந்தப் பெயரில் ஒரு பாட்டுப் போட்டுவிட்டார். நின்ற மறு நிமிடம் சாலை சந்தையாகிவிடும். பிளாஸ்டிக் உறையில் 'பியூர் வாட்டர்', கறி அடைத்த காலா ரோல், சுட்ட வாழைக்காய், கைப்பேசிச் சார்ஜர், எலிப்பொறி, சட்டமிட்ட படம், சில நேரம் நாய்க்குட்டி. வண்டி நகரத் தொடங்கினால் விற்கிற பையன் கூடவே ஓடிவந்து மீதிப் பணத்தைத் தந்துவிட்டுத்தான் நிற்பான். ஏமாற்றிக்கொண்டு நின்றுவிட எல்லா வாய்ப்பும் அவனுக்கு உண்டு. அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு பெரிய மனிதரோடு எனக்குள்ள பிணக்கைச் சொல்ல வேண்டும். ரெம் கூல்ஹாஸ் என்ற டச்சுக் கட்டிடக் கலைஞர் 1990-களின் கடைசியிலிருந்து ஹார்வர்டு மாணவர்களோடு லாகோஸை ஆராய்ந்தார். முதலில் குப்பையும் குழப்பமுமாகத் தெரிந்த நகரம், ஹெலிகாப்டரில் ஏறிப் பார்த்தபோது வியப்பூட்டும் ஒழுங்கோடு தெரிந்தது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பாலத்துக்கடியில் சந்தை, ரயில் பாதையில் கடை, நெரிசலில் வியாபாரம்; மக்கள் தாங்களே உருவாக்கிக்கொண்ட நகரம் என்றார். பாதி உண்மைதான். மேலிருந்து பார்க்கும்போது அக்பேரோவின் கை தெரியாது. நாலரை மணிக்கு எழுந்தவரின் கண் தெரியாது. அவருடைய ஆராய்ச்சியில் முக்கிய இடம் பெற்ற ஓஷோடிச் சந்தையை 2009 ஜனவரியில் மாநில அரசு இடித்துத் தள்ளியது. வேறு வழி இல்லாமல் ஒருவர் செய்வதைப் புத்திசாலித்தனம் என்று புகழ்வதில், அவருக்கு வழி செய்துதர வேண்டியவர் தப்பித்துக்கொள்கிறார்.

மின்சாரத்தைப் பாருங்கள். நேப்பா என்ற மின்வாரியம் பெயர் மாறி, பிரிந்து, தனியார் கைக்குப் போய் ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் விளக்கு எரிந்தால் தெருவே "அப் நேப்பா!" என்று கத்தும். மற்ற நேரத்தில் ஜெனரேட்டர். இருப்பதிலேயே சிறிய ஜெனரேட்டருக்கு ஊர் வைத்த பெயர், 'பக்கத்து வீட்டுக்காரரைவிட நான் தேவலை'. தண்ணீருக்கு ஆழ்குழாய், காவலுக்கு ஆள், மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் என்று ஒவ்வொரு வீடும் ஒரு குட்டி நகராட்சி நடத்துகிறது. 2023 மே 29 அன்று புதிய அதிபர் டினுபு தம் பதவியேற்பு உரையிலேயே பெட்ரோல் மானியம் போய்விட்டது என்றார். சில நாட்களில் விலை ஏறக்குறைய இரண்டரை மடங்கு. டான்ஃபோ கட்டணமும் வீட்டு விளக்கும் ஒரே நாளில் சுட்டன.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். காலையில் தெருவோரம் அகாரா வாங்குங்கள். தோல் நீக்கிய காராமணியை வெங்காயம், மிளகாயோடு அரைத்து, நுரைக்க அடித்துச் சூடான எண்ணெயில் போட்டு எடுப்பது. அகேகே ரொட்டியின் நடுவில் வைத்துத் தருவார்கள். இதே அகாராவை அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் பிரேசிலின் பாயியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் தெருவில் விற்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் விடுதலை பெற்றவர்களில் ஒரு பகுதியினர் பிரேசிலிலிருந்து லாகோஸுக்கே திரும்பினார்கள். வரும்போது கட்டிடக் கலையைக் கொண்டுவந்தார்கள். தீவில் 1894-இல் திறந்த ஷிட்டா-பே மசூதியைப் பாருங்கள். பிரேசிலிலிருந்து திரும்பிய ஒரு கொத்தனார் எழுப்பியது. பூவேலைப்பாடுகளோடு பாயியாவின் தேவாலயம் மாதிரி இருக்கும். அதே பாணியில் 1855-இல் கட்டிய இலோஜோ பார் என்ற வீடு தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 2016 செப்டம்பர் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதை இடித்துவிட்டார்கள். நிலத்தின் விலை அப்படி. தீவிலும் மெயின்லாண்டிலும் பல சுவர்களில் 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல, 419 ஜாக்கிரதை' என்று பெயின்டில் எழுதியிருப்பதைக் காண்பீர்கள். 419 என்பது மோசடிக்கான சட்டப் பிரிவு. வீட்டுக்காரர் ஊருக்குப் போன நேரத்தில் வேறு யாரோ வந்து வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுகிற ஊர் அது.

பலோகுன் சந்தைக்கு நல்ல செருப்போடு, கனமில்லாத பையோடு போங்கள். தெருத்தெருவாகத் துணி. ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் அச்சிட்டு ஆப்பிரிக்காவுக்கு விற்ற அங்காரா, ஆஸ்திரியாவிலிருந்து வரும் லேஸ், உள்ளூர்த் தறியின் அஷோ-ஓகே. 'ஜார்ஜ்' என்றும் ஒரு துணி இருக்கிறது. இக்போ மக்களும் டெல்டாப் பகுதி மக்களும் விசேஷத்துக்கு இடுப்பில் கட்டுவது. நம் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். கட்டம் போட்ட 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' துணி பல தலைமுறைகளாகச் சென்னை வழியே அந்தக் கரைக்குப் போனது. நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள் அதை இஞ்சிரி என்பார்கள்; அதன் நூலைக் கத்தியால் அங்கங்கே வெட்டி எடுத்துப் புது வடிவம் செய்வது அவர்களுடைய கலை. பிறந்த குழந்தைக்கும், இறந்தவரைக் கிடத்தும் அறைக்கும் அந்தத் துணி வேண்டும். நெய்தவரின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. கட்டியவரின் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை ஒரு விருந்துக்கு அழைப்பு வந்தால் தட்டாதீர்கள். ஓவாம்பே என்பார்கள். உறவும் நட்பும் ஒரே துணி வாங்கித் தைத்துக்கொண்டு வரும். அதற்கு அஷோ எபி என்று பெயர். பெண்கள் தலையில் கோபுரம்போல் கேலே கட்டியிருப்பார்கள். பாட்டு ஏறும்போது, ஆடுகிறவர்மேல் நோட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி உதிர்ப்பார்கள். நம் மொய் மாதிரிதான். நோட்டுப் புத்தகம் மட்டும் கிடையாது, எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதே கணக்கு. 2007-ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டப்படி இது குற்றம். குறைந்தது ஆறு மாதம் சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. அண்மையில் சிலர் உண்மையிலேயே உள்ளே போனார்கள். ஆகவே நீங்கள் சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜொலோஃப் சோறு அடிப்பிடித்த வாசனையோடு இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதுதான் விருந்துச் சோற்றின் அடையாளம்.

இரவில் இகேஜாவின் நியூ ஆஃப்ரிகா ஷ்ரைனுக்குப் போகலாம். ஃபெலாவின் பிள்ளைகள் 2000-த்தில் திறந்த இசைக்கூடம். 1977-இல் ஃபெஸ்டாக் என்ற ஆப்பிரிக்கக் கலைத் திருவிழாவை அரசு லாகோஸில் கோலாகலமாக நடத்தியது. ஃபெலா அதில் சேராமல் ஒதுங்கி நின்றார். விழா முடிந்த ஆறாவது நாள், பிப்ரவரி 18 அன்று, ராணுவத்தினர் அவருடைய கலகுத்தா வீட்டைக் கொளுத்தினார்கள். அவர் தாயார் ஃபுன்மிலாயோவை ஜன்னல் வழியே வெளியே வீசினார்கள். பெண்களைத் திரட்டி மன்னரையே அரியணையிலிருந்து இறங்கவைத்த போராளி அவர். அந்தக் காயங்களிலிருந்து மீளாமல் அடுத்த ஆண்டு இறந்தார். ஷ்ரைனில் பியர் குடித்து ஆடுகிறவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் ஆடுகிறார்கள்.

கடைசியாக ரயில். 1979 முதல் 1983 வரை லாகோஸின் ஆளுநராக இருந்தவர் லத்தீஃப் ஜக்காண்டே. நகரத்துக்கு மெட்ரோ வேண்டும் என்று திட்டம் போட்டு, ஒப்பந்தமும் செய்து, 1983-இல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. புதிய ராணுவத் தலைவரின் ஆட்சி 1985-இல் மெட்ரோ திட்டத்தை ரத்து செய்தது. நகரம் நஷ்ட ஈடும் கட்டியது. அந்த ராணுவத் தலைவர் முகம்மது புகாரி. முப்பது ஆண்டு கழித்துத் தேர்தலில் வென்று அதிபராக வந்தார். 2023 ஜனவரி 24 அன்று, லாகோஸின் முதல் மெட்ரோ பாதையான புளூ லைனைத் திறந்துவைத்தவரும் அவரே. நாடாவை வெட்டிய கையும் திட்டத்தை வெட்டிய கையும் ஒன்று. இடையில் போன 38 ஆண்டுகளின் டெமரேஜை யார் கட்டினார்கள் என்று டான்ஃபோவுக்குக் காத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மக்களுக்காக ரயில் ஓடத் தொடங்கியது அந்த ஆண்டு செப்டம்பரில். தீவின் மரினாவிலிருந்து மைல் 2 வரை 13 கிலோமீட்டர், ஐந்து நிலையங்கள். மரினாவில் ஏறினால் நீரைத் தாண்டி இரண்டாவது நிலையமே தேசிய நாடக அரங்கம். ஃபெஸ்டாக் விழாவுக்காகக் கட்டியது. இப்போது எழுத்தாளர் வோலே சோயிங்கா பெயரில் இருக்கிறது. அவசியம் ஏறிப் பாருங்கள். அங்கே ரொக்கம் செல்லாது, கவ்ரி அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்; அட்டைக்கு ஒரு வரிசை நிற்கும்.